இருதயராஜ் காட்டிய பாறை

இருதயராஜ் எடுத்த எந்தப் படத்திலும் இடம் தெரியாது. பறவை தெரியும். அதன் கண்ணுக்குள் காலைச் சூரியன் கடுகளவு நிற்பது தெரியும். அலகில் மாட்டிய ஓணானின் வால் தெரியும். அது உட்கார்ந்திருக்கிற பாறை எந்த ஊர்ப் பாறை, பின்னால் கிடக்கிற தண்ணீர் எந்த ஏரி என்று மட்டும் நீங்கள் தலைகீழாக நின்றாலும் சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே எடுத்தான். ஒரே ஒரு படத்தில் இடத்தைக் காட்டினான். அந்த ஒன்று அவனைத் தின்றுவிட்டது.

என்னைவிட ஆறேழு வயது இளையவன், அதனால்தான் 'அவன்' என்று எழுதுகிறேன். மரியாதைக் குறைச்சல் இல்லை. போன ஈஸ்டருக்கு முந்தி போய்ச் சேர்ந்துவிட்டான். அவனைப் பற்றி எழுத எனக்குத்தான் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். வேறு யாராவது எழுதினால் 'பறவை நேசர்' என்று இரண்டு வரி போட்டு முடித்துவிடுவார்கள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவனுக்குப் போட்டோவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கோவில்பட்டிப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தெலுங்குச் சீமையில் இருக்கிற மல்லாபூருக்கு வந்து ஒரு லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டுகிற வேலையில் சேர்ந்தேன். இன்று அதே தெருவில் எனக்கு மூன்று ஷெட். இங்கே தமிழை அரவம் என்பார்கள். 'அரவ சேட்டு பட்டறை' என்று சொல்லுங்கள், ஆட்டோக்காரன் வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவான். பட்டம் வாங்கிய என்ஜினியர்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என் முன்னால் நிற்பார்கள். நான் கடைந்த உருப்படிகள் வானத்தில் பறந்திருக்கின்றன. எதில் என்று சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன்.

இருதயராஜ் அந்த மாதிரி ஒரு மத்திய சர்க்கார் ஆபீசில்தான் போட்டோகிராபர். ராணுவத்துக்கு வேண்டியதைச் சோதித்துப் பார்க்கிற இடம். சோதனையில் விரிசல் விட்ட இரும்பு, முறிந்த கம்பி, வெடித்த குழாய் இதையெல்லாம் கிட்டத்தில் வைத்துப் படம் எடுப்பது அவன் உத்தியோகம். அந்தப் படங்களைக் கட்டின மனைவியிடம்கூடக் காட்ட முடியாது. வாரம் ஆறு நாள் உடைந்ததையே பார்த்தவன், ஏழாம் நாள் உயிருள்ளதைப் பார்க்க ஓடினான். இது நான் சொல்வது. அவன் இப்படியெல்லாம் பேச மாட்டான்.

என் பட்டறைக்கு அவன் முதலில் வந்தது, காமிரா நிறுத்துகிற முக்காலியின் கழுத்து முறிந்துபோனதால். கோட்டி பஜார் காமிராக் கடைகளில் எல்லாம் அலைந்துவிட்டு வந்திருந்தான்.

"வேற தலை வாங்கிப் போடுங்கன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி. அது ஆடும். எனக்கு ஆடக் கூடாது."

சாத்தான்குளத்துப் பேச்சு. அந்த 'சொல்லுதாங்க'வைக் கேட்டதுமே நாற்காலியை இழுத்துப் போட்டேன். செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டலில் அவனுக்கு ஒரு தலை கடைந்து கொடுத்தேன். தண்ணீர் டம்ளரை மேலே வைத்துச் சுற்றினால் ஒரு சொட்டு சிந்தாது. அதற்குப் பிறகு ஜப்பான்காரன் செய்ததை இவன் மகன் வாங்கிக் கொடுத்தான், அதை அலமாரியில் வைத்துவிட்டு என்னுடையதையே கடைசிவரை தூக்கிக்கொண்டு திரிந்தான். கனத்தால் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியே போய்விட்டது. இருக்கட்டும், ஆடவில்லை அல்லவா.

அவன் மனைவி ஆக்னஸ் நாசாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு அவள் குளித்துப் பட்டுக் கட்டி வந்து நிற்பாள், இவன் கால்சட்டை முழுக்க நெருஞ்சி முள்ளோடு, நெற்றியில் சிலந்திவலையோடு வந்து பக்கத்தில் முழங்கால் போடுவான்.

"நீங்களாவது சொல்லுங்க அண்ணாச்சி. நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்டினா வாய்க்குள்ள தும்பு கிடக்கு. சாமியாரே சிரிக்காரு."

"நான் எந்தக் கோயில்ல போய்ச் சொல்ல தாயி. என் சொல்லைக் கேட்டா அவன் கோட்டானைப் பார்க்கவா போவான்."

கோட்டான் என்று நான் கேலி செய்வது வழக்கம். அவன் போனது கொம்பன் ஆந்தையைப் பார்க்க. காதுப் பக்கம் இரண்டு இறகு கொம்பு மாதிரி விறைத்து நிற்கும், கண் ஆரஞ்சுப் பழ நிறம், ஆள் முழங்கை நீளத்துக்கு உடம்பு. மீன்கொத்தி, நாரை, கௌதாரி என்று எல்லாம் எடுப்பான். ஆனாலும் அவன் மனசு முழுக்க ஒரு ஜோடி ஆந்தையிடம் கிடந்தது.

உப்பலுக்குக் கிழக்கே, ஊர் முடிந்த பிறகு கொஞ்ச தூரம் போனால் பொட்டேலு குட்டா என்று ஒரு பாறைக் குன்று இருந்தது. பொட்டேலு என்றால் தெலுங்கில் செம்மறிக் கிடா. உச்சியில் இருந்த பெரிய பாறை கிடாவின் தலை மாதிரியே இருக்கும், வளைந்த கொம்பு, தாடை எல்லாம் உண்டு. தாடைக்குக் கீழே ஒரு பிளவு. அந்தப் பிளவுதான் ஆந்தைகளுக்கு வீடு. பகலில் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு பாறையோடு பாறையாக உட்கார்ந்திருக்கும். கை நீட்டிக் காட்டினாலும் எனக்குத் தெரியாது.

"எங்கே தம்பி?"

"நேரா பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க அண்ணாச்சி. அதுவும் உங்களைப் பாக்குது."

"என் மூஞ்சியில முழிச்சா அதுக்குத்தான் அதிர்ஷ்டம். கேட்டுப் பாரு."

அவன் வேலை செய்கிற விதமே தனி. ஆக்னஸின் பழைய ரவிக்கைத் துணியில் பை தைத்து அதில் சோளத்தை நிரப்பி வைத்திருப்பான். பாறைமேல் பையைப் போட்டு அதன்மேல் லென்ஸைக் கிடத்தி, தானும் வயிற்றில் படுத்துக்கொள்வான். விடியலில் படுத்தால் வெயில் முதுகைச் சுடுகிறவரை அசைய மாட்டான். பிலிம் காலத்தில் ஒரு சுருளை மாதக்கணக்கில் வைத்திருப்பான். பல நாள் ஒன்றுகூட எடுக்காமல் திரும்புவான். ஏன் என்றால், "அது சும்மா இருந்துச்சு, நானும் சும்மா இருந்தேன்" என்பான். எனக்குக் கோபம் வரும். ஒரு நாள் முழுக்க ஓடிய லேத் ஒரு உருப்படிகூடத் தள்ளவில்லை என்றால் நான் ஆளைத் தொலைத்திருப்பேன்.

இடத்தைக் காட்டாமல் எடுப்பதும் அந்த விதத்தில் சேர்ந்தது. இந்தப் பக்கத்துப் பாறை ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. ஆடு மேய்க்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள் எல்லாம், மனுஷனை அடையாளம் சொல்கிற மாதிரி பாறையைச் சொல்வார்கள். படத்தில் கிடாவின் கொம்பு நுனி தெரிந்தாலும் போதும், இது இன்ன குட்டா என்று சொல்லிவிடுவார்கள்.

"சொன்னா என்னடா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"தீபாவளி அமாவாசைக்கு இதைப் பிடிக்க ஆள் அலையுது அண்ணாச்சி. நகம் வேணுமாம், ரத்தம் வேணுமாம். புதையல் காட்டும்னு எவனோ மந்திரவாதி சொல்லியிருக்கான். பிசின் தடவின மூங்கிலை வெச்சு ஒட்டி இழுத்துருவாங்க. இடம் தெரிஞ்சா அதோட சோலி முடிஞ்சுது."

அதனால் போட்டிக்கும் அனுப்ப மாட்டான், பெரிதாக்கிச் சுவரில் மாட்டவும் மாட்டான். பக்கத்தில் போய், பறவையை மட்டும் வெட்டி எடுத்த மாதிரி எடுப்பான். பின்னால் வெறும் வானம், இல்லாவிட்டால் வெறும் மங்கல். அந்த ஜோடி எத்தனை குஞ்சு பொரித்தது, எது எப்போது பறந்தது, பெட்டை செத்து வேறு பெட்டை வந்தது, எல்லாம் அவனிடம் படமாக இருந்தது. பார்த்தவர்கள் அவன் வீட்டு ஆட்களும் நானும், குட்டா அடிவாரத்தில் ஆடு மேய்த்த யாதம்மாவும்தான். யாதம்மா படத்தைப் பார்த்து, "என் வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த மாதிரி எடுத்தியா அய்யா நீ" என்று தெலுங்கில் ஏசினாள். அடுத்த வாரமே போய் அவள் பேத்தியைப் படம் எடுத்துக் கொடுத்தான்.

ரிட்டயர் ஆனபிறகு அவனைப் பிடிக்கவே முடியவில்லை. வாரத்தில் பாதி நாள் குட்டாவில் கிடந்தான். அப்படிக் கிடந்தபோதுதான் ஒருநாள் பாறைகளில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருப்பதைப் பார்த்தான். கீழே சிவப்புக் கொடி கட்டின கழிகள் நட்டிருந்தன. யாரோ குன்றை வாங்கிவிட்டார்கள். வெடிவைத்துத் தட்டையாக்கி அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று யாதம்மா சொன்னாள்.

அன்று சாயங்காலம் நேராக என் பட்டறைக்கு வந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"எழுதிக் கேட்டா நிறுத்துவாங்களா அண்ணாச்சி?"

"எழுதிக் கேக்காம எவன் நிறுத்துவான்? நான் கூட வாரேன். எந்த ஆபீஸ் வாசலும் எனக்குத் தெரியும்."

பீற்றிக்கொள்ளவில்லை, உண்மையில் தெரியும். விசாரித்தேன். அங்கே பறவை குடியிருக்கிறது என்று ஆபீசர் நேரில் பார்த்து எழுதிவிட்டால் வெடி வைக்கிற அனுமதி நின்றுபோகும், அப்புறம் ஒரு கமிட்டி வந்து குன்றையே காப்பாற்ற வழி உண்டு என்றார்கள். அதற்கு முதலில் மனு வேண்டும். மனுவோடு அத்தாட்சி வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவன் வீட்டில் உட்கார்ந்தோம். மகன் ஆண்டனி மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். இங்கேயே படித்த பிள்ளை. நாம் தமிழில் கேட்டால் அவன் தெலுங்கில் ஒரு கால், இங்கிலீஷில் ஒரு கால் வைத்துப் பதில் சொல்வான். தகப்பன் எடுத்த படங்களை எல்லாம் லேப்டாப்பில் ஓட்டினான். ஓட்டிவிட்டு மூடினான்.

"டாடி, எல்லாம் சூப்பர். கானி... ஆனா, இது பொட்டேலு குட்டான்னு எவரு நம்முதாரு? ஜூவில எடுத்ததுன்னு சொல்லிருவாங்க."

"நான் சொல்லுதேனே. முப்பது வருஷம் பாத்திருக்கேன்."

"உங்க வேர்டுக்கு ப்ரூப் ஏதி டாடி?"

அத்தாட்சி எங்கே என்று மகன் கேட்டது நியாயம். இடம் தெரியாத படத்தை எந்த ஆபீசும் ஒத்துக்கொள்ளாது. நானும் அதைத்தான் சொன்னேன். ஆக்னஸ் மட்டும், "தீபாவளி வருதே" என்றாள். இருதயராஜ் மேஜை விரிப்பின் பூவை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"இன்னும் ஆறேழு வாரம் கிடக்கு," என்றான் கடைசியில். "மனு குடுத்தா ரெண்டு வாரத்துல வந்து பாப்பாங்கன்னு சொல்லுதாங்களே. தீபாவளிக்கு முந்தி உத்தரவு வந்துரும். உத்தரவு வந்துட்டா காவலுக்கு ஆள் போடுவாங்க."

அப்படித்தான் கணக்குப் போட்டான். சர்க்கார் ஆபீசில் ஆயுசைக் கழித்தவன், சர்க்கார் சொன்ன தேதியை நம்பினான்.

அந்தப் படத்தை எடுத்த அன்று நான் கூட இருந்தேன். இத்தனை வருஷம் கிட்டக் கிட்டப் போய் எடுத்தவன், அன்று பின்னால் பின்னால் நடந்தான். சின்ன லென்ஸை மாட்டினான். கிடாவின் கொம்பு, தாடை, அடிவாரத்துச் சீத்தாமரம், எண் எழுதின பாறை எல்லாம் சட்டத்துக்குள் வந்தது. காலை வெயில் பிளவில் விழுந்தபோது இரண்டு ஆந்தையும் பக்கம் பக்கமாகத் தெரிந்தன. எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டு, காமிரா முதுகில் படத்தைப் பார்த்தான்.

"ஆட்டைக் கசாப்புக் கடைக்காரன்கிட்ட காட்டிக் குடுத்த மாதிரி இருக்கு அண்ணாச்சி."

"சும்மா இரு தம்பி. நல்லது செய்யப் போறோம்."

அது நல்ல படம். பொய் சொல்லக் கூடாது. அவன் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம்.

மனு கொடுத்தோம். சட்டப்படி எதிர்த்தரப்புக்கும் ஒரு நகல் போனது. குன்றுக்கு ஆதரவாக எழுதுகிறோம் என்று ஒரு தெலுங்குப் பேப்பரின் ஜில்லாப் பக்கத்தில் படத்தைப் போட்டார்கள். ஆண்டனி சந்தோஷமாகப் பத்துப் பிரதி வாங்கி வந்தான். இருதயராஜ் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று, ஆபீசர் வரவில்லை. ஏதோ தேர்தல் வேலை என்றார்கள். பிறகு லீவு என்றார்கள். நான் மூன்று தடவை போய்ச் சத்தம் போட்டேன். என் சத்தத்துக்கு மல்லாபூரில் கிரேன் நிற்கும், அங்கே மின்விசிறிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்வையிட வருகிற நாளைத் தீபாவளிக்கு மறு வாரம் குறித்தார்கள்.

அதன் பிறகு இருதயராஜ் தினமும் குட்டாவுக்குப் போய்க் காவல் இருந்தான். பகலெல்லாம் இருப்பான், இருட்டினதும் ஆக்னஸ் போனில் அழுவாள், திரும்பி வருவான். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது காய்ச்சல் அடித்து ஒரு நாள் படுத்துவிட்டான். அந்த ஒரு நாள்தான்.

யாதம்மா சொல்லி அனுப்பினாள். நானும் அவனும் போனோம். பிளவுக்குக் கீழே பாறையில் பிசின் அப்பிக் கிடந்தது. அதில் பழுப்பு இறகு கற்றையாக ஒட்டியிருந்தது. நகத்தால் பாறையைப் பிராண்டின வெள்ளைக் கோடுகள் வேறு. இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள், கையில் மூங்கிலும் சாக்கும் இருந்தது, தான் ஆட்டை விட்டுவிட்டு மேலே ஏறுவதற்குள் போய்விட்டார்கள் என்று யாதம்மா மாரில் அடித்துக்கொண்டாள். கையில் மடித்த பேப்பர் வைத்திருந்தார்களாம். அவர்கள் மந்திரத்துக்குப் பிடிக்கிறவர்களா, குன்றை வாங்கினவர்கள் அனுப்பினவர்களா என்று இன்றுவரை தெரியாது. எனக்கு ஒரு எண்ணம் உண்டு, அத்தாட்சி இல்லாததால் எழுதவில்லை.

இருதயராஜ் இறகுகளைப் பிசினிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். வரவில்லை. கிழிந்து கிழிந்து வந்தது. "ரெண்டோட இறகும் இருக்கு," என்றான். ஆண்டனி அன்று வந்து தகப்பன் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "நான்தான் டாடி சொன்னேன்" என்று சுத்தத் தமிழில் அழுதான். அவன் தலையில் கை வைத்து, "காமிராவை அமுக்கினது யாரு, நீயா?" என்றான் இருதயராஜ்.

ஆபீசர் வருகிற நாள்வரை அவன் தேடாத பாறை இல்லை. பக்கத்துக் குன்று, பழைய கல்குவாரி, புளியந்தோப்பு எல்லாம் தேடினான். விடியலிலும் அந்தியிலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். சத்தமே இல்லை. இரண்டும் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டான்.

வந்த ஆபீசர் பத்மஜா என்று ஒரு அம்மாள். நல்ல மனுஷி, பூட்ஸ் போட்டுக்கொண்டு முகம் சுளிக்காமல் ஏறினார்கள். குன்றை வாங்கினவர்கள் தரப்பிலும் ஒரு ஆள் வந்திருந்தான். பிளவு காலியாக இருந்தது. அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார்கள், பாறையைப் பார்த்தார்கள்.

"இதே இடம்தான். பறவை எங்கே?" என்று தெலுங்கில் கேட்டார்கள்.

நான் முந்திக்கொண்டேன். "இருக்கு மேடம். இரை தேடப் போயிருக்கும். ஒரு வாரம் கழிச்சு சாயங்காலமா வாங்க, கட்டாயம் பாக்கலாம்."

பொய்தான். தெரிந்தே சொன்னேன். எத்தனையோ இன்ஸ்பெக்டர்களிடம் 'சரக்கு நாளைக்கு ரெடி' என்று சொல்லி நாளை வாங்கித்தான் நான் மூன்று ஷெட் கட்டினேன். ஒரு நாள் கிடைத்தால் அதில் ஏதாவது செய்யலாம், அது என் தொழில் அறிவு. அந்த அம்மாளும் பேனாவை எடுத்துவிட்டு யோசித்தார்கள். பிறகு இருதயராஜ் பக்கம் திரும்பினார்கள்.

"மனு உங்களது. நீங்கள் சொல்லுங்கள் இருதயராஜ் காரு. இப்போது இருக்கிறதா, இல்லையா?"

நான் அவன் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். அவன் பிளவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லேவு மேடம்," என்றான். இல்லை என்று அர்த்தம். "பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது எதுவும் இல்லை."

எழுதினார்கள். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டான். குன்றை வாங்கினவனுடைய ஆள் அவனுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினான், அதையும் வாங்கிக் குடித்தான்.

காரில் வரும்போது நான் வாயை மூடவில்லை. "உன்னை யாரு ஹரிச்சந்திரன் வேலை பாக்கச் சொன்னது? ஒரு வாரம் கேட்டேன்ல? ஒரு வாரத்துல நான் எவன் காலையாவது பிடிச்சிருக்க மாட்டேனா?"

"இல்லாததை எப்படி அண்ணாச்சி இருக்குன்னு சொல்ல?"

"வாயாலதான் சொல்லணும்."

"முப்பது வருஷம் கண்ணுல பாத்ததை மட்டும்தான் எடுத்திருக்கேன்."

அன்று அவனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வா என்றதற்குக்கூட நிற்காமல் வந்துவிட்டேன். என் வீட்டுக்காரி ராஜம், "உங்க கோபத்தை லேத்துல காட்டுங்க, மனுஷன்கிட்ட காட்டாதீங்க" என்றாள். நான் போன் செய்யவில்லை.

ஒரு வாரம் கழித்து அவனே செய்தான். மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, கூப்பிடுது. நான் இங்க குட்டாவுல நிக்கேன். ஆந்தைச் சேவல் கூப்பிடுது."

போனேன். வெளிச்சம் இன்னும் போகவில்லை. கிடாவின் கொம்பு மேல் அது உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கத்து இறக்கை கொஞ்சம் தொங்கினாற்போல் இருந்தது. பிசினில் பாதி இறகை விட்டுவிட்டுத் தப்பியிருக்கிறது. எங்கே ஒளிந்து கிடந்ததோ, என்னத்தைத் தின்றதோ. அடித் தொண்டையிலிருந்து 'பூ... ஹூ' என்று கூப்பிட்டது. பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தது. மறுபடி கூப்பிட்டது. ஜோடி சேரும் காலம் என்றான் இருதயராஜ். பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது. அவன் சொன்ன மெய் பொய்யாகிவிட்டது. இப்படி ஒரு அநியாயத்தை என் எழுபத்தைந்து வயதில் நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஆபீசுக்கு ஓடினோம். புதுப் படம், இடத்தோடு, தேதியோடு. பைல் முடிந்து மேலே போய்விட்டது, மனுதாரரே இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், புது மனு கொடுங்கள், முறைப்படி பார்ப்போம் என்று குமாஸ்தா சொன்னான். இருதயராஜ் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். நான் தனியாக உள்ளே போய் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர்கள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள்.

"அன்றைக்கு நீங்கள் சொன்னதை எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அவர் இல்லை என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் மறுபடி வந்திருப்பேன். அனுமதியும் நின்றிருக்கும்," என்றார்கள். "அவரிடம் இதைச் சொல்லாதீர்கள்."

சொல்லவில்லை.

புது மனுவும் கொடுத்தோம், அது மேஜை மேஜையாக நகர்வதற்குள் வெடிக்கு நாள் குறித்துவிட்டார்கள். வெடி ஆரம்பிக்கிறவரை தினமும் அந்தியில் போனான். நானும் முடிந்த நாளெல்லாம் போனேன். இப்போது அவன் பறவையை மட்டும் எடுக்கவில்லை. குன்று முழுவதையும் எடுத்தான், அதில் ஆந்தை ஒரு புள்ளி. ஒருநாள் கேட்டேன், இனி எடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று.

"இவ்வளவு நாள் முகத்தைத்தான் எடுத்தேன் அண்ணாச்சி. வீட்டை எடுக்கவே இல்லை."

கம்பிவேலி போட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று எடுத்தான். முதல் வெடி வைத்த அன்று நாங்கள் போகவில்லை. நாசாரத்தில் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அங்கே சத்தம் கேட்காது, அவ்வளவு தூரம். இருந்தாலும் குக்கர் விசில் அடித்ததற்கே அவன் எழுந்து நின்றுவிட்டான். ஆக்னஸ் போய் அடுப்பை அணைத்தாள். அதற்குப் பிறகு சேவல் கூப்பிட்டதை யாரும் கேட்கவில்லை. யாதம்மாவும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள்.

காமிராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான், எடுக்கவில்லை. ஆண்டனி ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப் போகிறேன் என்றான், சிங்கம் எடுக்கலாம் என்றான். "அதுக்கு என்னைத் தெரியாதேப்பா" என்று சிரித்தான். அடுத்த வருஷம் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். சோறு இறங்கவில்லை. ஆக்னஸ் கஞ்சி கரைத்துக் கொடுப்பாள், இரண்டு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவான். கம்பீரமான ஆள், தலையணைக்குள் புதைந்துபோய்க் கிடந்தான்.

ஒரு மத்தியானம் ஆக்னஸ் டாக்டரைப் பார்க்கப் போனபோது நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். பட்டறையில் புதிதாக வந்த மெஷினைப் பற்றி நானாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவன் கண்ணைத் திறந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னைக்கு நான் 'லேவு'ன்னு சொல்லாம இருந்திருந்தா பாறை நின்னிருக்குமா?"

எந்த ஆபீசரிடமும், எந்தக் கடன்காரனிடமும் பதில் சொல்லத் தடுமாறினவன் இல்லை நான்.

"நின்னிருக்காது தம்பி. அனுமதி நின்னாலும் அவன் வெடி வெச்சிருப்பான். பெரிய இடத்துக் கை அது. ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான்."

"அந்த அம்மா ஏதும் சொன்னாங்களா? நீங்க உள்ள போனப்ப."

"அவங்களும் இதையேதான் சொன்னாங்க."

வெகு நேரம் என்னைப் பார்த்தான். பாறையோடு பாறையாக இருப்பதைக் கண்டுபிடிக்கிற கண் அது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. நேராகவே பார்த்தேன்.

"அப்ப சரி," என்றான்.

ஆக்னஸ் வந்ததும் நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் காலி டம்ளரோடு வந்து நின்றாள்.

"என்ன பேசுனீங்க அண்ணாச்சி? இன்னைக்குக் கஞ்சியை முழுசும் குடிச்சிட்டாக."